மூத்தவன் வரிசையில் நிற்கிறான்

சாராயக் கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. அதற்குள் வரிசை புளியமரம் வரைக்கும் வந்துவிட்டது. நல்லபெருமாளுக்கு முன்னால் நின்றவரின் முதுகு தெரிந்தது, வியர்வையில் ஒட்டிய பனியன் தெரிந்தது, வேறெதுவும் தெரியவில்லை. எந்த வரிசையில் நின்றாலும் அவனுக்கு முதுகுதான் வாய்க்கும். ரேஷன் கடையில் பில் போடும் வேலை கிடைத்து, உயரமான ஸ்டூல் ஒன்றும் போட்டுக் கொடுத்த பிறகுதான் மனுஷர்களின் முகத்தை நேருக்கு நேராகப் பார்க்க முடிந்தது. அப்பா காலையில் செத்துப்போனார். மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். அப்பா செத்துப்போனார், வெயில் ஏறிவிட்டது, சித்தப்பா என்னைக் கடைக்கு அனுப்பினார். முதல் இரண்டும் தொண்டைக்குள் இறங்கின, மூன்றாவதுதான் இறங்க மாட்டேன் என்றது. குற்றாலம் சித்தப்பா வாசலில் நின்று பந்தல்காரர்களை அதட்டிக்கொண்டிருந்தவர், திடீரென்று திரும்பி, "ஏல பெருமாளு, நீ ஒரு எட்டு கடைக்குப் போயிட்டு வந்துரு. பாடைத் தேர் கட்டுதவனுக்கு, கொட்டுக்காரனுக்கெல்லாம் சரக்கு வேணும்லா. வேற ஆளில்ல பாத்துக்கோ" என்றார். வேற ஆளில்லையாம்! தெருவை அடைத்து நாற்காலி போட்டிருக்கிறது, நாற்காலி நிறைய ஆம்பளைகள், ஒவ்வொருத்தரும் மீசையும் தொந்தியுமாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்கள், இருந்தும் வேற ஆளில்லை. கொள்ளி வைக்கப்போகிறவனைச் சாராயக் கடைக்கு அனுப்புவார்களா? அனுப்ப மாட்டார்கள். ஏன் அனுப்ப மாட்டார்கள், அவசரத்துக்கு அனுப்பலாம், அனுப்பக் கூடாதென்று எங்கே எழுதி வைத்திருக்கிறது? வெளியாளிடம் காசைக் கொடுத்தால் பாதியை முழுங்கிவிடுவான், வீட்டுப் பிள்ளையென்றால் நம்பி அனுப்பலாம், அதனால்தான் அனுப்பியிருப்பார். ஆனால் இசக்கிதுரையும் வீட்டுப் பிள்ளைதானே, அவனிடம் பைக்கே இருக்கிறதே. தம்பியை அனுப்பாமல் அண்ணனை எதற்கு அனுப்பினார்? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு முள்ளில் மாட்டிய வேட்டி மாதிரி நின்றுவிட்டது. அவன் அதை மெதுவாக எடுத்துவிட்டுக்கொண்டு, முன்னால் ஓர் அடி நகர்ந்தான்.

அவர்கள் தெருவில் யார் கொள்ளி வைப்பது என்பதற்கெல்லாம் பேச்சே கிடையாது. தகப்பனுக்குத் தலைமகன், தாய்க்குக் கடைசி மகன். அம்மா போனபோது இசக்கிதுரைதான் எல்லாம் செய்தான், அதுதான் முறை, யாருக்கும் வருத்தமில்லை. அம்மாவைக் குளிப்பாட்ட வாய்க்காலுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நான்கு பேர் வெள்ளைத் துணியை மேலே பிடித்துக்கொள்ள, அதன் கீழே பிள்ளைகள் குடம் சுமந்து வருவார்கள். நீர்மாலை என்பது அதுதான். அதில் முதல் குடத்தை எவன் தூக்குகிறானோ அவன்தான் சுடுகாட்டில் நெருப்பும் வைக்க வேண்டும், பாதியில் ஆளை மாற்ற முடியாது. அன்றைக்கு முதல் குடம் தம்பி தோளில் இருந்தது. நல்லபெருமாள் கையில் ஒரு செம்பைக் கொடுத்திருந்தார்கள். பேரன் பேத்திகளுக்குக் கொடுக்கிற செம்பு. முன்னால் தம்பியின் அகலமான முதுகு, அதற்கும் முன்னால் கொட்டுச் சத்தம், நடுவில் செம்புத் தண்ணீர் தளும்பாமல் நடந்து வருகையில் அவன் நினைத்த நினைப்பு இருக்கிறதே, அதைப் பிறத்தியாரிடம் சொன்னால் காறித் துப்புவார்கள். அம்மா செத்துக் கிடக்கிறாள், இவன் நினைக்கிறான்: அப்பாவுக்கு நான். அப்பாவுக்கு நான்தான். இத்தனை வருஷம் இந்த உடம்பு எதையெல்லாம் இல்லையென்று சொல்லியிருக்கிறது. கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, பஸ்ஸில் முழு டிக்கெட் கூடச் சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. ஆனால் முதலில் பிறந்ததை மட்டும் எவனாலும் இல்லையென்று சொல்ல முடியாது, அதை நெட்டையனாலும் பிடுங்க முடியாது, மீசைக்காரனாலும் பிடுங்க முடியாது. நான் போகாமல் நீர்மாலை எடுக்க மாட்டார்கள். எப்படி எடுப்பார்கள்? நான் போய்ச் சேர்ந்த பிறகுதான் எடுப்பார்கள்.

"தம்பி, யாருக்கு வாங்க வந்திருக்க?" பின்னாலிருந்து குரல் கேட்டது. லாரி டிரைவர் போலிருக்கிறது, காக்கிச் சட்டையும் தோளில் துண்டுமாக ஒருத்தர். மிஞ்சிப்போனால் முப்பது வயசு இருக்கும், தாடி மட்டும் நெஞ்சு வரைக்கும் இருந்தது. "ஒரு தேவைக்கு" என்றான் நல்லபெருமாள். குரல் எப்போதும்போல் கீச்சென்று வந்தது. "கார்டு கேக்கான் இப்பம். போன மாசம் ரெண்டு பயலுவ பள்ளிக்கூட யூனிபார்மோட நின்னு வாங்குனத எவனோ படம் பிடிச்சிப் போட்டுட்டான்லா, அதுலேருந்து ஒரே கெடுபிடி. இருவத்தொண்ணு ஆவலைன்னா குடுக்க மாட்டான். நீ சும்மா நிக்கியே." நல்லபெருமாள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். கார்டு இருந்தது. அவனிடம் கார்டு இல்லாத நாளே கிடையாது. தேர்தல் பூத்தில் காட்டியிருக்கிறான், சினிமா கொட்டகையில் காட்டியிருக்கிறான், ஊருக்குப் புதிதாக வந்த போலீஸ்காரர் ராத்திரி மறித்தபோது காட்டியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் வாங்கிப் பார்ப்பவன் கார்டை ஒரு தடவையும் முகத்தை ஒரு தடவையும் பார்ப்பான், மறுபடி கார்டைப் பார்ப்பான், அப்புறம் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்கு முன்னால் இவனே சிரித்துவிடுவான். முதலில் சிரித்துவிட்டால் அவ்வளவாக வலிக்காது. கொடுமை என்னவென்றால் அவனும் நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து "கார்டு எங்க? கார்டு இல்லாம அரிசி கெடையாது" என்று ஊரையே கேட்டுக்கொண்டிருப்பவன்தான். முப்பத்தொன்பது வயசு. வாய்விட்டுச் சொன்னால் அவனுக்கே நம்ப முடியாது. மீசை இருக்க வேண்டிய இடத்தைத் தடவிப் பார்த்தான், வழுவழுவென்று இருந்தது.

அப்பாதான் தூக்கிக்கொண்டு அலைந்தார். பத்து வயசில் இருந்த உயரம் அப்படியே நின்றபோது முதலில் மந்திரித்துக் கயிறு கட்டினார், பிறகு லேகியம், பிறகு பாளையங்கோட்டையில் ஒரு பெரிய டாக்டர். டாக்டர் கை எலும்பைப் படம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலைக்குள் ஏதோ ஒரு சுரப்பி சுரக்கவில்லை, சின்ன வயசிலேயே வந்திருந்தால் ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம், இப்போது எலும்பு மூடிவிட்டது, இனி வளராது. அவ்வளவுதான், கதவைத் திறந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்பா வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். புரோட்டாக் கடையில் உட்கார வைத்து, தன் இலையில் இருந்ததையும் பிய்த்து இவன் இலையில் போட்டார். "தின்னு பெரியவனே" என்றார். அதுவரைக்கும் பெருமாளு என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், அன்றிலிருந்து பெரியவனே. தெருவே குட்டை, பொடியன், அரை டிக்கெட் என்று கூப்பிட்டபோது அந்த மனுஷன் ஒருத்தர் மட்டும் வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி, "ஏ பெரியவனே, சாப்பிட வா" என்று சத்தம் போடுவார். சிலபேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று இன்னும் சத்தமாகக் கூப்பிடுவார். இனிமேல் யார் கூப்பிடுவார்கள்? வேண்டாம், இதை இப்போது நினைக்கக் கூடாது, வரிசையில் நின்றுகொண்டு நினைக்கவே கூடாது. வெயிலைப் பார், புளியமரத்தைப் பார், ஷட்டர் முழுசாக ஏறிவிட்டது, காலிப் பெட்டிகளை எடுத்து வெளியே வீசுகிறார்கள், உள்ளேயிருந்து புளித்த வாடை வருகிறது. நேற்று ஆஸ்பத்திரியில் டெட்டால் வாடை. இன்றைக்கு வீட்டில் ஊதுபத்தி வாடை. எல்லா வாடைக்கும் கீழே அப்பாவின் மூக்குப்பொடி வாடை இருந்துகொண்டே இருந்தது.

குடத்தைத் தூக்க முடியுமா என்பதுதான் சித்தப்பாவின் பிரச்சினையாக இருக்கும். வேறு என்ன இருக்க முடியும்? சுடுகாட்டில் தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றி வர வேண்டும், கொத்திவிட்ட ஓட்டை வழியாகத் தண்ணீர் கொட்டும், கடைசியில் திரும்பிப் பார்க்காமல் குடத்தைப் பின்னால் போட வேண்டும். தடுக்கி விழுந்தால் ஊர் சிரிக்கும், சாவு வீட்டின் மானம் போகும், நாளைக்குப் பொண்ணு கொடுக்கிறவன் வரைக்கும் பேசுவான். சித்தப்பாவுக்குத் தெரியாது, நல்லபெருமாள் பழகி வைத்திருக்கிறான். அப்பா படுக்கையில் விழுந்த பிறகு, வீட்டில் யாரும் இல்லாத மத்தியானங்களில் பின்வாசலில் மண்குடம் நிறையத் தண்ணீர் பிடித்துத் தோளில் வைத்துக்கொண்டு துவைக்கிற கல்லைச் சுற்றிச் சுற்றி வருவான். முதல் நாள் பாதியில் இறக்கிவிட்டான், தோள்பட்டை கன்றிவிட்டது. போகப்போக முடிந்தது. உயிரோடு இருக்கிற தகப்பனுக்குக் கொள்ளி ஒத்திகை பார்த்தவன் இந்த ஜில்லாவிலேயே இவன் ஒருத்தனாகத்தான் இருக்கும். ஒருநாள் அப்படிச் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் பக்கம் பார்த்தான், அப்பா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து இவனையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாரோ. "என்னல பண்ணுத?" என்றார். "தண்ணி எடுக்கேன்பா." அவர் நெஞ்சு ஏறி இறங்குவது ஜன்னலுக்கு இந்தப் பக்கமே தெரிந்தது. பிறகு, "எடது தோள்ல வைக்கணும்ல பெரியவனே" என்றார். அவ்வளவுதான் சொன்னார், சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கு மேல் என்ன வேண்டும்? செத்தவரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இதைச் சித்தப்பாவிடம் காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும், எல்லோரும் இருக்கும்போது வாசலில் நின்று சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் வாய் வரவில்லை. கீச்சுக் குரலில் "எங்கப்பா எனக்குச் சொல்லியிருக்காரு" என்று சொன்னால் அது பொம்மைக்குச் சண்டை போடுகிற மாதிரி இருக்காதா? போனவுடன் சொல்ல வேண்டும், பையைக் கீழே வைத்த கையோடு சொல்ல வேண்டும். நான் போகாமல் நீர்மாலை எடுக்க மாட்டார்கள். வரிசை ஏன் இப்படி நத்தையாக நகர்கிறது?

கம்பிக்கு முன்னால் இருந்த சிமெண்டுத் திட்டு அவன் மூக்கு உயரம் இருந்தது. காசை மேலே வைத்து, மஞ்சப்பையையும் வைத்து, எத்தனை வேண்டும் என்று சொன்னான். உள்ளே இருந்த விற்பனையாளர் முதலில் கையை மட்டும்தான் பார்த்தார். பிறகு குனிந்து கம்பி வழியாகக் கீழே பார்த்தார். "ஏய், யாருல நீ? தள்ளு தள்ளு." நல்லபெருமாள் வழக்கம்போல முதலில் சிரித்தான். "கார்டு இருக்கு சார்" என்று எடுத்து நீட்டினான். அவர் கார்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி கார்டைப் பார்த்தார். எல்லாம் வழக்கமாக நடக்கிறதுதான், இனி சிரிப்பார், சிரித்துவிட்டுக் கொடுத்துவிடுவார். ஆனால் அவர் சிரிக்கவில்லை. "உலகநாதன் யாரு?" என்றார். "எங்கப்பா" என்றான். "எழுவத்திமூணு வயசுக் கார்டத் தூக்கிட்டு வந்து காட்டுத. அப்பனுக்குத் தெரியுமால இது?" பின்னால் வரிசை முழுக்கச் சிரித்தது. "இல்ல சார், மாறிப்போச்சி, எனக்கு முப்பத்தொம்பது வயசு, நான்தான் மூத்தவன், ரேஷன் கடையில பில் போடுதேன்." சொல்லச் சொல்லக் குரல் இன்னும் மெலிந்து கொண்டே போனது. "ஒனக்கு முப்பத்தொம்பதுன்னா எனக்கு இன்னும் பல்லே மொளைக்கல" என்று வரிசையில் எவனோ சொன்னான். விற்பனையாளர் கெட்டவர் இல்லை, கார்டையும் காசையும் பத்திரமாக மஞ்சப்பைக்குள் போட்டு இவன் பக்கம் தள்ளினார். "தம்பி, எனக்கு வேலை போயிரும். வீட்ல பெரியவங்க யாராச்சும் இருந்தா வரச் சொல்லு." பெரியவங்க. நல்லபெருமாள் திட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெரியவர் வீட்டு நடுக்கூடத்தில் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிப் படுக்க வைத்திருக்கிறது, அவருக்கு அடுத்த பெரியவன் இதோ நிற்கிறான், வேறு எந்தப் பெரியவரை வரச் சொல்ல? "ஏ, ஓரமா நில்லு" என்று யாரோ தோளைப் பிடித்து நகர்த்தினார்கள். அவன் நகர்ந்தான்.

ஓரத்தில், காலிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் விளங்கியது. நேற்று அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும்போது அவர் கார்டையும் தன் கார்டையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையில் வைத்திருந்தான். காலையில் சித்தப்பா கை நீட்டினார், "அப்பா ஆதார் கார்டக் குடுல, சுடுகாட்டுல பதியணும்." இவன் பார்க்காமல் உருவிக் கொடுத்துவிட்டான். பொம்பளைகள் மாரடித்துக்கொண்டிருந்த நேரம், எவனுக்குக் கண் தெரிந்தது? கொடுத்தது இவனுடையது. இந்நேரம் சுடுகாட்டு ஆபீஸில் இவன் பெயரை எழுதி, இவன் படத்தைப் பார்த்து, பாவம் சின்னப் பையன், எப்படிச் செத்தானோ என்று உச்சுக்கொட்டியிருப்பார்கள். சிரிப்பு வந்தது. சிரிப்பு மேலே வரும்போதே பயமாக மாறிவிட்டது. சரி, இருக்கட்டும், தம்பிக்குப் போன் போட்டால் சித்தப்பாவிடமிருந்து கார்டை வாங்கிப் படம் எடுத்து அனுப்புவான், அதைக் காட்டினால் சரக்கு கிடைத்துவிடும், கிடைத்ததும் ஓடிவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது, நான் போகாமல் எடுக்க மாட்டார்கள். போன் நெடுநேரம் அடித்தது. எடுத்தது இசக்கிதுரை இல்லை, அவன் பெண்டாட்டி பொன்செல்வி. பின்னால் ஒரே சத்தம்.

"தம்பி எங்க?" என்றான்.

"அத்தான்..." என்று இழுத்தாள். "அவுக போனை வீட்ல வச்சிட்டுப் போயிட்டாவ."

"எங்க போயிட்டான்?"

அவள் பதிலுக்கு முன்னால் கொட்டுச் சத்தம் கேட்டது. போனுக்குள் தூரத்தில், வாய்க்கால் பக்கத்துத் தூரத்தில், அவனுக்கு நன்றாகத் தெரிந்த அந்த நடைத் தாளம்.

"நீர்மாலை எடுத்தாச்சா பொன்செல்வி?"

"இப்பந்தான் கெளம்புனாவ. நான் சொன்னேன் அத்தான், அத்தான் வரட்டும்னு சொன்னேன். குத்தாலம் மாமாதான், அவனுக்கு ஒடம்பு தாங்காது, நாலு பேரு முன்னால விழுந்து வச்சா அசிங்கமாப் போயிரும், அவன் இருக்கும்போது சொன்னா அழுவான், வாரதுக்குள்ள எடுத்துருவோம்னுட்டாவ. ஒங்க தம்பி மாட்டேன்னுதான் நின்னாவ. எல்லாருமாச் சேந்து கொடத்தத் தூக்கித் தோள்ல வச்சிட்டாவ. நீங்க மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாதிய. வந்துருங்க அத்தான். செம்பு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்."

போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். முதல் குடம் ஏறியாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை. பாதியில் ஆளை மாற்ற முடியாது என்பது ஊருக்கே தெரிந்த முறை, சித்தப்பாவுக்கும் நன்றாகத் தெரியும், தெரிந்துதான் அனுப்பியிருக்கிறார். ஓடினால் வாய்க்காலைப் பிடித்துவிடலாமா? ஓடிப்போய் என்ன செய்ய, தம்பி தோளிலிருந்து குடத்தைப் பிடுங்கவா? அதற்குக் கை எட்ட வேண்டுமே. நடுத்தெருவில் எம்பி எம்பிக் குதிக்கிற தன்னை ஒரு கணம் தெளிவாகப் பார்த்தான், கொட்டுக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள், பொம்பளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள், தம்பி ஈர வேட்டியோடு குனிந்து, "அண்ணே, விடுண்ணே" என்கிறான். அப்பா சொன்னார் என்று சொல்லலாம். எடது தோள் என்று சொன்னார். யார் நம்புவார்கள்? அதற்குச் சாட்சி ஒருத்தர்தான், அவர் இனி வாய் திறக்க மாட்டார். மூத்தவன் என்பதற்கு இத்தனை நாளும் அந்த ஒரு மனுஷனின் குரல்தான் ஆதாரமாக இருந்திருக்கிறது, முதலில் பிறந்தது ஒன்றுமே இல்லை, அது பிறந்தவனுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. வெயில் கண்ணைக் கரித்தது. முப்பத்தொன்பது வருஷமாகக் காத்துக்கொண்டிருந்ததை ஒரு சரக்கு வாங்குகிற நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள். சித்தப்பா மேல் கோபம் வர வேண்டும், வரவில்லை. தம்பி மேல் வர வேண்டும், அதுவும் வரவில்லை. எல்லோரும் அவன்மேல் பிரியமாகத்தான் இருக்கிறார்கள், குழந்தை மேல் இருப்பது மாதிரி பிரியமாக இருக்கிறார்கள், அந்தப் பிரியத்தை எந்தச் சுவரில் கொண்டுபோய் முட்டுவது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

லாரி டிரைவர் தன் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தவர், பெட்டிகளுக்குப் பக்கத்தில் இவன் நிற்பதைப் பார்த்து நின்றார். "என்னடே, இங்கனயே நிக்க? குடுக்க மாட்டேன்னுட்டானா?"

நல்லபெருமாள் தலையாட்டினான்.

"குடிக்கதுக்கா கேட்ட? உண்மையச் சொல்லு."

"இல்ல. சாவு வீடு. தேர் கட்டுதவங்களுக்கு."

அவர் ஒரு கணம் இவன் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "பையக் கொண்டா. நெழலுல நில்லு." வரிசையை இடித்துக்கொண்டு முன்னால் போய், கம்பியில் முகத்தை வைத்து, துக்க வீடு அண்ணாச்சி என்று ஏதோ சொல்லிச் சண்டை போட்டு வாங்கினார். அவரிடம் யாரும் கார்டு கேட்கவில்லை. திரும்பி வந்து பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதாமல் நடுவில் பழைய பேப்பரைச் செருகிக் கொடுத்தார். மிச்சக் காசையும் அப்பாவின் கார்டையும் தனியாக இவன் சட்டைப் பையில் வைத்துவிட்டார். பை கனமாக இருந்தது. நல்லபெருமாள் அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

"கனக்குதா? ரோட்ட ஓரமாப் பிடிச்சிப் போ. வண்டி வாகனம் பாத்து." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஆமா, யாருடே செத்தது?"

நல்லபெருமாள் அண்ணாந்து பார்த்தான்.

"பக்கத்து வீட்டுத் தாத்தாண்ணே" என்றான்.